காய்க்காத அரசாணிக் கொடி

பூவாத்தாள் வாக்கப்பட்டு வந்து ஆறேழு வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. ஓமலூருக்கு மேற்கே இருந்த அந்த வீட்டில் இதைச் சொல்லிக்காட்ட மாமியார் அத்தாயிக்கு நேரம் காலம் கிடையாது. களி அடிப்பிடித்தாலும் இதே பேச்சு, மாடு கறக்காவிட்டாலும் இதே பேச்சு. அறுபத்திரண்டாம் வருஷம் மார்கழியில் பேச்சு முற்றிவிட்டது. தை பிறந்ததும் மருமகளைக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகன் கந்தனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று முடிவே கட்டிவிட்டாள். கந்தன் நல்லவன்தான், ஆனால் ஆத்தா முன்னால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பூவாத்தாளுக்கு இருந்த ஒரே துணை கந்தனின் தங்கை பெருமாயி. அண்ணன் மனைவியை 'நங்கையா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குச் சமமான ஐந்தாம் பாரம் படித்தாள். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, "புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தம், சூலகம்" என்று தலையை ஆட்டி ஆட்டி ஒப்பிப்பாள். எழுத்தறியாத பூவாத்தாள் களி கிண்டிக்கொண்டே, விட்டுப்போன சொல்லை எடுத்துக் கொடுப்பாள். இருவருக்கும் பாடம் தலைகீழாகத் தெரியும். ஒருத்திக்கும் ஒன்றும் புரியாது.

மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை வைத்து மஞ்சள் பூ செருகுவது வழக்கம். வேலியோரத்து அரசாணிக் கொடியில், அதாவது பரங்கிக் கொடியில், பிஞ்சு ஒட்டாத பூக்களை மலட்டுப் பூ என்பார்கள். விடிவதற்குள் அவற்றை ஒன்று விடாமல் பறிப்பது பூவாத்தாள் வேலை.

"மலட்டுப் பூவப் பறிக்க உன்ற கைதான் பொருத்தம்" என்பாள் அத்தாயி. கேட்டுக் கேட்டு, பூவாத்தாள் முகம் சுளிப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து பாடம் நடத்தும் ரோசி டீச்சர் ஒருநாள், ஒப்பித்தது போதும், ஆளுக்கொரு பூ கொண்டுவந்து பாகங்களைக் காட்டுங்கள் என்றார். கோலத்துக்குப் பறித்ததில் ஒன்றைப் பெருமாயி கொண்டுபோனாள். பிளேடால் கீறிப் பார்த்தால் சூலகத்தையே காணோம்.

"இது மலட்டுப் பூங்க டீச்சர்."

"யாரு சொன்னா? இது ஆண் பூ. இதோட மகரந்தத்த வண்டு கொண்டுபோய்ப் பெண் பூவுல சேர்த்தாத்தான் காய் பிடிக்கும். இல்லேன்னா பிஞ்சு வெம்பி உதிர்ந்துடும்."

பெருமாயிக்குச் சுரீரென்றது. மார்கழி பிறந்ததிலிருந்து வீட்டுக் கொடியில் பிஞ்செல்லாம் வெம்பித்தான் விழுந்துகொண்டிருந்தது. கண் பட்டுவிட்டது என்று அத்தாயி கொடிக்கு மிளகாய் சுற்றிப் போட்டிருந்தாள். மாதக்கணக்காக வாயில் உருண்ட சொற்கள் அன்றுதான் பெருமாயியின் மண்டையில் இறங்கின.

மறுநாளிலிருந்து அவள் நங்கையாவைப் பூப் பறிக்க விடவில்லை. கொஞ்ச நாளில் இரண்டு பிஞ்சுகள் திரண்டு நின்றன. அத்தாயிக்கு வாயெல்லாம் பல்.

"கண்ணு கழிஞ்சுபோச்சு!"

"கண்ணுமில்ல, ஒண்ணுமில்ல ஆத்தா. ஆம்பளப் பூவப் பூராப் பறிச்சுப்போட்டு, காய்க்கலீன்னு கொடிய வஞ்சோம்." பெருமாயி அதோடு நிற்கவில்லை. "கொறை ரெண்டுல எதுல வேணாலும் இருக்கலாமல்லொ? நங்கையாவ மட்டும் எதுக்கு வையறே?"

"பொட்டப்புள்ள பேசற பேச்சா இது!" அத்தாயி கரண்டியை ஓங்கினாள். சோற்றில் கை வைத்திருந்த கந்தன் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போனான். பெருமாயி தன் வாய்த்துடுக்கால் நங்கையாவை இன்னும் சீக்கிரம் துரத்திவிடப் போகிறார்கள் என்று அழுதாள்.

பொங்கல் கழிந்ததும் கந்தன் பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் இருவரையும் சோதித்தார்கள். முடிவு கேட்டுத் திரும்பிய அன்று அத்தாயி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அவளுக்கு என்ன கொறைன்னாங்க?"

"அவளுக்கு ஒரு கொறையுமில்ல ஆத்தா. கொறை எனக்குத்தான். இனி அவள ஒரு வார்த்த சொல்லாதே."

ஆத்தாவை நிமிர்ந்து பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். அத்தாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பெருமாயி துள்ளிக் குதித்து அடுப்படிக்கு ஓடினாள். அங்கே பூவாத்தாள் அழுதுகொண்டிருந்தாள். அத்தனை வருஷ ஏச்சுக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

"இனி உங்கள யாரும் ஒண்ணுஞ் சொல்ல முடியாதுங்க நங்கையா. ஏனுங்க அழுவறீங்க?"

"அந்தக் கொறை எனக்கே இருந்திருக்கலாம் அம்மிணி" என்றாள் பூவாத்தாள். "எனக்குத்தான் பழகிப்போச்சு. உங்கண்ணன் எப்படித் தாங்குவாரு?"