பொட்டு வைத்த கைகர் கருவி

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய இரும்பை உருக்கும் பட்டறை ஒன்றின் வாசலில் ஹேமாவதிக்கு வேலை. லாரி வந்தால், கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியைச் சரக்கின் மேல் மெதுவாக நகர்த்திப் பார்ப்பாள். எங்கோ ஆஸ்பத்திரி மிஷினிலிருந்து கழற்றிப் போட்ட கதிர்வீச்சுக் குப்பி இரும்போடு கலந்து வந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அவள் தலையாட்டிய சரக்கை உள்ளே வெறுங்கையால் பிரிப்பவர்களில் அவள் புருஷன் பரந்தாமனும் ஒருவன்.

ஆயுத பூஜையன்று தராசுக்கும் வெல்டிங் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் கருவியை மட்டும் விட்டுவைப்பாளா? அதன் முகப்பில் வட்டமாக ஓர் இடம், பொட்டுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அழுத்தி வைத்தாள். மறுநாளிலிருந்து கருவி வாயே திறக்கவில்லை. எந்த லாரிக்கும் ஜீரோதான். பூஜை போட்டதும் சாதுவாகிவிட்டது என்று எல்லோரும் கேலி பேசினார்கள். சரக்கு மளமளவென்று உள்ளே போனது.

பொங்கல் கழிந்து, கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அதை விற்ற கம்பெனியிலிருந்து தினகரன் வந்தான். ஆன் செய்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தான்.

"இன்னாக்கா, ஒரு டிக்கூட இல்ல? மண்ணு, செவுரு, வானம், எல்லாத்துலயும் கொஞ்சம் கதிர் கீது. சும்மா வச்சாலே அப்பப்போ டிக்குனு சொல்லணும். சுத்தமா ஜீரோன்னா கருவி செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அந்த வட்டம் மெல்லிய மைக்கா தகடாம். பின்னால் வாயு அடைத்த குழாய். கதிர் நுழைந்தால் வாயுவுக்குள் மின்சாரம் ஒரு துளி பாயும், அதுதான் டிக். அவள் விரல் அழுத்தியதில் தகடு விரிசல் விட்டு வாயு போய்விட்டிருந்தது.

ஹேமாவதிக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அத்தனை மாதமாக வந்த இரும்பு உருகிக் கம்பியாகி எங்கெங்கோ போய்விட்டது. இனி எதைச் சோதிப்பது?

தினகரன் வேறு கருவி கொடுத்தான். டிக் ஒரே சீராக வராது என்பதால் வெட்டவெளியில் நிதானமாக வைத்திருந்து சராசரி பார்த்துக்கொண்டாள். பிறகு நேரே பரந்தாமனிடம் போய் அவன் கையைப் பிடித்து, அதன் மேல் கருவியைக் காட்டினாள்.

"இன்னா சொல்லுது?"

"ஒண்ணுமில்ல. வெளிய எப்டியோ அப்டித்தான் கீது."

"அப்புறம் ஏன் இப்டி நிக்கிற?"

கையில் இப்போது ஒட்டியிருப்பதைத்தான் கருவி சொல்லும். இத்தனை மாதமாக அந்தக் கை எதையெல்லாம் தொட்டது என்று சொல்ல அதற்கு வழியில்லை. அவன் கையைப் பிடித்தபடியே நின்றாள். பிடித்திருப்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.