உப்புக்கு விட்ட கம்பி

தினமும் காலையில் ஆய்வுக்கூட வாசலில் ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஏறி நின்று, சுவரிலுள்ள பொத்தானை விரலால் தொட வேண்டும். என் உடம்பில் தேங்கிய மின்சாரம் காலணி வழியாகத் தரைக்கு இறங்குகிறதா என்று அது சோதிக்கும். பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். ஜெர்மனிக்கு வந்து மூன்று வருஷமாகியும், சிவப்பு எரிந்துவிடுமோ என்று நினைக்காத நாள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை உள்ளே விடக் கூடாதென்று அந்த விளக்குக்கு யாராவது சொல்லிவிட்டால்? இப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் நான்.

உள்ளே நாங்கள் செய்வது மின்சாரக் காருக்கான கன்வெர்ட்டர். பெரிய பேட்டரியின் நானூறு வோல்ட்டை, விளக்குக்கும் வைப்பருக்கும் வேண்டிய பன்னிரண்டு வோல்ட்டாக இறக்கித் தருகிற பெட்டி. அதற்குள் இருக்கும் சிப் ஒரு நொடியில் பல லட்சம் தடவை மின்சாரத்தை வெட்டிச் சேர்க்கிறது. வேகம் கூடக் கூடப் பெட்டி சிறுக்கும், காரில் இடம் மிச்சம். வடிவமைப்பவர் பொறியாளர் யூர்கன். அவர் வரைந்ததைக் கையால் பற்றவைத்துச் சோதிக்க இரண்டு ஒப்பந்தக்காரர்கள்: நானும் லசாரும். இருவருக்குமே ஊர் திரேஸ்புரம் கடற்கரை. இருவருமே படகுகளுக்கு வயரிங் செய்து கை பழகியவர்கள். நான்தான் சொல்லி அவனை வரவழைத்தேன். ஒருவனுக்குத்தான் நிரந்தர வேலை, மற்றவன் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கரையில் படகுக் கம்பியை எவனும் ஒட்ட வெட்ட மாட்டான். ஒரு விரற்கடை கூடுதலாக விட்டுச் சுருட்டி வைப்பான். உப்புக்கு விடுவது என்போம். உப்புக்காற்று நுனியை அரித்த பிறகு, அந்தத் துண்டை நறுக்கிவிட்டு மறுபடி இணைக்கலாம். ஒருமுறை விடாமல் வெட்டியதற்குப் பட்டறை முதலாளி என் விரல் முட்டியில் ஸ்பானரால் அடித்தார். "கடலு கேக்கும்போது எதைலே குடுப்ப, ஒன் விரலையா?" என்றார்.

முதல் பனி விழுந்த அன்று என் சர்க்யூட் பலகை ஒன்று சோதனை மேசையில் பட்டென்று வெடித்தது. யூர்கன் குனிந்து, நான் விட்டிருந்த சுருளைக் காட்டி, "ஷ்லைஃப, ஷ்லைஃப" என்றார். தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கைபேசியில் தேடினேன். சடையில் கட்டும் ரிப்பன் என்றிருந்தது. கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவர் காட்டியது சுருளைத்தானே என்ற பயத்தில், மறுநாள் கம்பியை ஒட்ட வெட்டினேன். மின் அலையைக் காட்டும் ஆஸிலாஸ்கோப் திரையில், முந்தின நாள் பாம்பாகப் படமெடுத்து நின்ற அலை அடங்கிப் படுத்திருந்தது. அப்போதுதான் விளங்கியது. அந்த வேகத்தில் வெட்டும்போது, விரற்கடைக் கம்பிகூட ஓடிவந்த மின்சாரத்தைச் சட்டென்று நிற்க விடாது. வோல்டேஜ் எகிறிச் சிப்பை உடைத்துவிடும். ஷ்லைஃப என்றால் சுருள் என்றும் பொருள்.

லசாரிடம் இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் பலகை வெடித்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. யூர்கன் அவன் விட்ட சுருளைக் காட்டி அதே சொல்லைச் சொல்ல, அவனும் என்னைப் போலவே தலையாட்டினான். பிறகு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அது என்ன ஷ்லைஃப?"

"ரிப்பன்லே."

"ரிப்பனா? நான் என்ன இங்கன சடையா பின்னுதேன்? கிறுக்குப்பய."

சிரித்தான். நானும் சிரித்தேன். அகராதிப்படி நான் பொய் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அதன் பிறகு அவன் இன்னும் அக்கறையாக வேலை செய்தான். அக்கறை என்றால் அவனுக்கு இன்னும் அரை விரற்கடை கூடுதல்.

ஐந்தாவது பலகையோடு யூர்கன் அவனை நிறுத்திவிட்டார். "சொன்னால் தலையாட்டுகிறான், செய்வதில்லை" என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு வேலை நிரந்தரமானது.

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது லசார் கண்ணில் படாமலிருக்க அவன் தெருப்பக்கமே போகவில்லை. புலம்பெயர்ந்த எல்லோருக்கும் ஊரில் இப்படி ஒரு தெரு இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவனே கடற்கரையில் என்னைக் கண்டு படகிலிருந்து கூப்பிட்டான்.

"வாரும் அண்ணாச்சி. ஜெர்மனிக்காரரு கை இன்னும் வேலை செய்யுதான்னு பாப்போம்."

படகு முழங்கால் தண்ணீரில் நின்றது. மீன் கூட்டம் காட்டும் கருவிக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டிங் பிளேயரை என்னிடம் தந்தான். பேச்சுவாக்கில் கம்பியை இழுத்து ஒட்ட வெட்டிவிட்டேன்.

"என்னவே, உப்புக்கு விடலையா?" என்று சிரித்தவன், அந்த நுனியையே பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பத்திலேருந்து இப்படி வெட்டுதீரு?"

"மொத பனி விழுந்ததுக்கு மறுநாளு."

"என் போர்டு வெடிக்கதுக்கு முந்தியா?"

"முந்தி."

அடித்திருந்தால் தேவலை. பிளேயரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"எறங்கும்."

காலணியோடு தண்ணீரில் இறங்கினேன். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு புது வயரை உருவ ஆரம்பித்துவிட்டான். கரையிலிருந்து யாரோ, "ஜெர்மனி அண்ணாச்சி, எப்பம் வந்தீரு? எப்பம் போறீரு?" என்று கேட்டார்கள். அலை என்னைக் கரைப்பக்கம் தள்ளியது. திரும்பும்போது படகுப்பக்கம் இழுத்தது. நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.