அட்டையில் இல்லாத காயம்

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிலோமி பதினாறு வருஷமாகக் கொழுந்து எடுத்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்று பேர் வாங்கியவள். அதனால்தான் 1976இல் முதலுதவிப் போட்டிக்கு ஆள் தேடியபோது கம்பவுண்டர் ஆசீர்வாதம் முதலில் அவளைக் கூப்பிட்டார்.

லாரி கவிழ்ந்து ஆறு பேர் அடிபட்டுக் கிடப்பதுபோல நடிக்க வேண்டும். எஸ்டேட் ஆட்கள் கட்டுப் போட்டுத் தூக்கிப் போவார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் மார்க்குப் போடுவார். ஒவ்வொருவர் கழுத்திலும் காயத்தின் பெயர் எழுதிய அட்டை. பிலோமிக்கு ‘மயக்கம்’. அவளுடைய லயத்திலேயே, அதே வரிசை வீடுகளில் குடியிருந்த சந்தனமேரிக்கு ‘இடது கால் முறிவு’.

“மயக்கம்னா மயக்கந்தான் பிலோமி. கண்ணத் தொறந்தா மார்க்கு போயிரும்,” என்றார் ஆசீர்வாதம்.

இருவரும் தேயிலைச் செடியோரம் அடுத்தடுத்துப் படுத்தார்கள். விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் சந்தனமேரி அலறினாள்.

“ஐயோ, பாம்பு! கையில கடிச்சிருச்சு!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வந்து கோயிலையே அழவைத்தவள் அவள்.

“கால் ஒடிஞ்சவ கையின்னு கத்துறா பாரு,” என்றான் ஒருவன். ஆசீர்வாதம் அட்டையைப் பார்த்து இடது காலுக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டிவிட்டு, அடுத்த ஆளுக்கு ஓடினார்.

பிலோமி கண்ணை இறுக்க மூடிக் கிடந்தாள். நடிப்பாக இருந்தால்? எழுந்தால் எல்லாருடைய பாடும் வீண். நிஜமாக இருந்தால்?

“அக்கா, நெசமாத்தான்க்கா...” சந்தனமேரியின் குரல் தேய்ந்தது.

போன வாரம் ஒத்திகையிலும் இப்படித்தான் சொன்னாள். பிலோமி பதறி எழுந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். மாதாவே, எதை நம்ப? பிலோமி மனசுக்குள் ஜெபம் சொன்னாள். அசையவில்லை.

பிறகு பக்கத்தில் சத்தமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். சந்தனமேரியின் காலில் பூசிய சிவப்புச் சாயம் காய்ந்திருந்தது. வலது கை மணிக்கட்டுவரை வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன.

பிலோமி எழுந்து உட்கார்ந்து கத்தினாள். “இது வேசமில்ல! கையப் பாருங்க!”

“மயக்கமானவ பேசக்கூடாது,” என்றபடி நடுவர் நோட்டில் எதையோ குறித்தார்.

அவள் தன் அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு கல்லை எடுத்து அந்த வளையல்களை உடைத்தாள். ஓடிவந்த ஆசீர்வாதம் சுண்டுவிரலில் இரண்டு பல் தடங்களைக் கண்டதும் வெளிறிப்போனார். மேனேஜரின் ஜீப்பில் சந்தனமேரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது, சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் பிலோமியைப் புகழ்ந்தார்கள். அவளுக்கோ சோறு இறங்கவில்லை. லயத்தில் எந்தப் பிள்ளை அழுதாலும் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். விளையாட்டாக வீரிட்ட பிள்ளைகளையும் கை கால் தடவிப் பார்த்து அவர்களை எரிச்சலூட்டினாள்.

ஒரு மாதம் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் சந்தனமேரியிடம் சொல்லிவிட்டாள்.

“ஏட்டி, நீ மொதல்ல கத்துனதே எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் சும்மா கெடந்தேன்.”

சந்தனமேரி குடத்தை இறக்கி வைத்தாள். “நீங்க அங்க கெடந்து நான் கத்துனாப்புல கத்தியிருந்தா, நானும் நம்பியிருக்க மாட்டேன்க்கா.”

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த வருஷம் போட்டிக்கு ஆள் எடுக்க ஆசீர்வாதம் வந்தபோது, பிலோமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.