சக்கரை அவருக்கு, பத்தியம் இருவருக்கும்

அடுப்பங்கரையில் நானும் அம்மாவும் இருந்தோம். நைனாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் இல்லை. விடியுமுன்பே கட்டுமரம் ஏறிவிட்டார்கள். போவதற்கு முன் நைனா தன் மூத்திரத்தை ஒரு பழைய மருந்து பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசல் ஊற்றி, அந்த மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து.

செங்கல்தான்.

"ரெண்டு வாரமா இதே கலரு. நீ காலேஜுல இன்னாதான்டா படிக்கிற?" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் நைனாவின் வியாதி என் பொறுப்பு. அவர் வலது கால் பெருவிரலில் ஆறாத புண். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று அடையாறு டாக்டர் இரண்டு மாதம் கெடு வைத்திருந்தார். பெருவிரல் இல்லாமல் கட்டுமரத்தில் நிற்க முடியாது.

கெடு வைத்த அன்றே, விலக்க வேண்டியவற்றை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது மாட்டிய பிறகுதான் உறைத்தது. நானே வாசித்துக் காட்டினேன்: சோறு, கஞ்சி, இட்லி, மரவள்ளிக்கிழங்கு.

"மீதி இன்னா கீது? உப்புத் தண்ணியா?" என்றார் நைனா.

மீன், முட்டை, கீரை என்றேன். அம்மா தினமும் மூன்று முட்டை அவித்து, வறுத்த மீனோடு சட்டியில் கட்டிக் கொடுத்தாள். சட்டி காலியாகத்தான் திரும்பியது. பிறகு ஏன் செங்கல்?

கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கடலுக்குப் போனேன். மீனவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை மரம் முழுக்க வாந்தி எடுத்து நிரூபித்தேன். வலை போட்டு முடித்ததும் மாமா தன் சட்டியைத் திறந்தார். பழைய சோறு. நைனா தன் முட்டைகளை அதிலேயே கொட்டினார். இரண்டு கைகளும் ஒரே சட்டியில் இறங்கின. முட்டையெல்லாம் மாமாவுக்கு, சோறெல்லாம் நைனாவுக்கு.

"நைனா! மாவுச்சத்து!" என்று கத்தினேன்.

"ஒரே மரத்துல குந்திக்கினு தனித்தனியா துன்றது சண்டைக்காரன்டா. உன் மாமன் எனக்குச் சண்டைக்காரனா?"

மாமா வாய் நிறைய முட்டையோடு இல்லை என்று தலையாட்டினார்.

அன்று சாயங்காலமே அம்மா தீர்ப்புச் சொன்னாள். மறுநாளிலிருந்து ஒரே சட்டி, ஆறு முட்டை, சோறு கிடையாது.

"யக்கா, சக்கரை அவருக்கு. பத்தியம் எனக்கா?" என்றார் மாமா.

"பிரிச்சித் துன்னா சண்டைன்னு சொன்னது உன் மச்சான்தான். அவரையே கேளு."

மாமாவின் இடுப்பில் லுங்கி நிற்காமல் போயிற்று. குப்பத்தில் பார்த்தவர்கள் எல்லாம் அவருக்குத்தான் வியாதி என்று நினைத்து நலம் விசாரித்தார்கள். குழாயில் செங்கல் மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் நீலம் அப்படியே நின்றது. புண்ணும் மூடிவிட்டது. டாக்டர் விரலை அழுத்திப் பார்த்து, "இருக்கட்டும்," என்றார்.

வெளியே காத்திருந்த மாமா யாரையும் கேட்காமல் எதிரே இருந்த பிரியாணிக் கடைக்குள் நுழைந்தார். நைனா வாசலிலேயே, ஒரு ஆம்லெட்டோடு, காவல் நின்றார்.

அந்தக் காலத்து விலையில் முட்டைக்கு மொத்தம் நாற்பத்தைந்து ரூபாய். மாமாவின் மூன்று பிளேட் பிரியாணிக்கு ஏழரை. நைனாவின் விரலுக்கு நாங்கள் கொடுத்தது ஐம்பத்திரண்டரை ரூபாய்.