சித்தி கொடுத்த வாக்குமூலம்

கும்பகோணத்து டவுன் பஸ்ஸிலிருந்து எங்கள் ஊரில் இறங்கியதும் நனைந்த வைக்கோல் புழுங்கும் வாசனை மூக்கில் ஏறியது. இப்போது வீட்டு மனைக்கற்கள் நட்டுக் கிடக்கிற இடம் அந்த வாசனையில் மறுபடி எங்கள் களத்துமேடாகிவிட்டது.

அறுப்புக் காலத்தில் அங்கே கதிரடிக்கிற சத்தமும் பதர் தூற்றுகிற புழுதியும் பெண்களின் பாட்டும் பொழுதெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நடவுக்கு, களைக்கு, அறுப்புக்கு என்று எல்லாப் பாட்டையும் எடுத்துக் கொடுப்பவள் என் சித்திதான். எங்கள் தெருவில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வருஷம், பண்ணையாரின் ஆட்கள் சித்தப்பாவை அந்தக் களத்திலேயே அடித்துக் கொன்றார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லும்மா" என்றார்.

சித்தி வாயைத் திறந்தாள், ஒப்பாரிதான் வந்தது. எங்கள் தெருவில் சாவைப் பேச்சில் சொல்கிற வழக்கமே கிடையாது. அடித்தவர்கள் பெயர், பிடித்த கம்பு, அவர் விழுந்த பக்கம் எல்லாம் அந்தப் பாட்டில் வரிசையாக வந்தன. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கூடவே பாடினார்கள். ஏட்டின் பேனா மட்டும் அசையவில்லை.

"பாட்டையெல்லாம் எழுத முடியாதும்மா. அழாம, சாதாரணமாச் சொல்லு."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாதாரணமா நடந்திருந்தா சாதாரணமாச் சொல்லியிருப்பேங்க ஐயா" என்றாள்.

ஏட்டு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெயர்கள் இன்றும் எனக்குத் தெரியும். ஆனால் ராகம் போட்டால்தான் நினைவுக்கு வரும். யாரிடம் போய்ப் பாடுவது?