மட்காட்டில் ஒரு பள்ளம்

வேலணையில் ஒரு கராச். என் காரின் முன்சக்கரத்துக்கு மேலே நசுங்கிய மட்காட்டை உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கோ. பள்ளம் தெரியுதோ? கண் ஏமாத்தும், கை ஏமாத்தாது."

கையை வைத்தேன். வெயிலில் கிடந்த தகரம் சுட்டது.

சுருவில் என்ற எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்திலும் அன்று தகரம் இப்படித்தான் சுட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. புளியங்கூடல் வளைவில் அப்பாவின் காரைப் பனையோடு மோதி அண்ணா செத்துப்போனான். அன்று அவனுடைய எட்டுச்செலவு, செத்த எட்டாம் நாள் படையல். குசினியில் அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அந்தக் காரின் மட்காட்டுக்குள் புளியங்கட்டையைக் கொடுத்து, காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்.

"தடவிப் பார். தெரியுதோ?"

"ஓம் அப்பா."

மறுபடி தட்டினார். மறுபடி கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் தெரிகிறது என்றேன். வந்திருந்த சனம் முன்பக்கத்திலேயே நின்றது. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். பள்ளத்தின் மேல் கையை வைத்தார். தடவவில்லை.

"தெரியேல்லை. வாங்கோ, பொழுதுபட்டிட்டுது. பிள்ளைக்குப் படைக்க வேணும்."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார்.

இப்போது கண்ணை மூடித் தடவினேன். உள்ளங்கையில் சின்னதாய் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது.

"இன்னொருக்காத் தட்டவோ அண்ணை?"

"வேண்டாம். இவ்வளவு காணும்."