பாதி கலைந்த சீட்டுக்கட்டு

அந்தத் தையல் கம்பெனியின் இஸ்திரிப் பிரிவில் நின்றவளை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குழாயடிச் சண்டையோ லீவுத் தகராறோ, எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவாள். தங்கை புருஷனும் அங்கேதான், துணி வெட்டும் பிரிவில் இருந்தான். அவன் தப்பு செய்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அந்த நல்ல பேர்தான் அவளுக்கு வினையாக முடிந்தது.

ஆர்டர் குறைந்தபோது பதின்மூன்று பேரை நிறுத்துவதென்று மேலிடத்தில் முடிவானது. வெட்டு, தையல், இஸ்திரி, பேக்கிங் என்று நாலு பிரிவு. ஒவ்வொன்றிலும் பதின்மூன்று பேர். யாரை நிறுத்தினாலும் வம்பு என்று பயந்த மேனேஜர், உறை பிரிக்காத சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கி வந்தார். வெட்டும் பிரிவுக்கு ஆட்டின், தையலுக்கு இஸ்பேட், இஸ்திரிக்குக் கிளாவர், பேக்கிங்குக்கு டைமண்ட். ஆளுக்கொரு சீட்டு.

"கலைச்சுட்டு மேல இருந்து பதிமூணு எடுப்போம். யார் சீட்டு வருதோ அவங்களை நிறுத்திடலாம். தராசக்கா கலைக்கட்டும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கும் இல்லை.

அவள் அதுவரை சீட்டைக் கையால் தொட்டதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் கலைப்பதைப் பார்த்ததுதான். அதே மாதிரி இடது கையில் கட்டைப் பிடித்து, கொத்துக் கொத்தாக உருவி மேலே போட்டாள். புதுச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன. நாலைந்து முறை போட்டதும், "போதும்மா," என்றார் மேனேஜர்.

முதல் சீட்டு ஆட்டின். அடுத்ததும் ஆட்டின். எடுத்து முடித்தபோது பதின்மூன்றில் ஒன்பது ஆட்டின். கிளாவர் மருந்துக்குக்கூட இல்லை. தங்கை புருஷனின் சீட்டு நடுவில் எங்கோ வந்து போனது.

"தராசு நல்லாவே நிறுத்துருச்சு," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் தங்கை வாசலிலேயே நின்று கேட்டாள். "உங்க பிரிவுல ஒரு ஆளுகூடப் போகலையே அக்கா. அது எப்படி?"

"எனக்கே தெரியலடி."

தங்கை உள்ளே வராமலே திரும்பிவிட்டாள். அவள் புருஷன் கட்டட வேலைக்குப் போனான். பழக்கமில்லாத உடம்பு. மழையில் நனைந்த சாரத்தில் கால் சறுக்கி விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

அதற்குப் பிறகு தராசக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்து, புதுக்கட்டில் இருந்தபடியே ஆட்டின், கிளாவர் என்று சாதி சாதியாக அடுக்கி, அன்று போலவே கலைத்துப் பார்த்தாள். மேலே வந்தவற்றில் முக்கால்வாசி ஒரே சாதிச் சீட்டு. திரும்ப அடுக்கிக் கலைத்தாள். இந்த முறை வேறு சாதி; ஆனால் அதே கூட்டம். கட்டை எடுத்துக்கொண்டு மாடியில் குடியிருந்த கணக்கு டீச்சரிடம் போனாள்.

டீச்சர் கட்டை இரண்டாகப் பிரித்து, பல்லோடு பல் கோப்பது போலச் சரசரவென்று சேர்த்துக் காட்டினாள். "இப்படிக் கலைச்சாலே ஏழு தடவையாவது வேணும். அதுக்குக் கம்மின்னா பழைய வரிசை துண்டு துண்டா உள்ளயே கிடக்கும். நீங்க கலைச்ச மாதிரின்னா ஆயிரக்கணக்குல கலைக்கணும். அம்பத்திரண்டு சீட்டு எத்தனை விதமா மாறி நிக்கலாம் தெரியுமா? உலகத்து மணலை எண்ணினாக்கூட அவ்வளவு வராது. நாலைந்து தடவையில அதுல ஒரு ஓரத்தைக்கூடத் தொட முடியாது."

"அப்ப நான் கலைக்கவே இல்லையா?"

டீச்சர் கட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் தராசக்கா மேனேஜரின் மேஜையிலும் கட்டை அடுக்கி, அன்று போலவே கலைத்துக் காட்டினாள். திரும்பக் கலைக்க வேண்டும் என்றாள். அவர் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "கட்டு உங்க கையிலதான் இருந்துச்சு. எல்லாரும் பார்த்தாங்க. இப்ப நான் என்ன செய்ய?" அன்று கலைக்க எதற்காகத் தன்னைக் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப தெரியாமத்தான் செஞ்சியா?"

"சத்தியமா தெரியாதுடி."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா உன்னைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்," என்றாள் தங்கை.

மறு வருஷம் இன்னும் ஆள் குறைக்க வேண்டி வந்தது. மேனேஜர் மறுபடி தராசக்காவிடமே கட்டை நீட்டினார். நாலு பிரிவு ஆட்களும் மாறி மாறிக் கலைக்க வேண்டும், போதும் என்று யாரும் சொல்லக் கூடாது, இல்லாவிட்டால் தொட மாட்டேன் என்றாள். அவர் கட்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, யார் யார் போக வேண்டும் என்று தானே சொல்லிவிட்டார். முதலில் அவளைச் சொன்னார். வேலை போனவர்கள் அவளைத்தான் கரித்துக் கொட்டினார்கள். சீட்டு இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்போமே என்றார்கள்.

இப்போது தங்கை வேலைக்குப் போகிறாள். பகலில் அவள் புருஷனைப் புரட்டிப் படுக்க வைப்பதும், புண்ணுக்கு மருந்து போடுவதும், துணி அலசுவதும் அக்காதான். தங்கை வீடு திரும்பியதும், "சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். "சாப்பிட்டார்," என்பாள் இவள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.